எந்தப் புகையிரத நிலையத்துக்கு அருகில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் சிறு விளம்பரங்களில் 'புகையிரத நிலையத்துக்கு மிக அருகில் மேல்மாடி வீடு வாடகைக்கு' என்று அடிக்கடி வருகிறது. எந்த நிலையம்? யாழ்ப்பாணமா, கொக்குவிலா, கோண்டாவிலா, புங்கன்குளமா? எல்லா வண்டியும் எல்லா இடத்திலும் நிற்பதில்லை. கிளிநொச்சிக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் ஆசிரியர்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் இதுதான் முதல் கேள்வி. விளம்பரத்திலுள்ள இலக்கத்துக்கு எடுத்தால், "பக்கந்தான், வந்து பாருங்கோவன்" என்கிறார்கள். வாடகை எவ்வளவு என்பதும் நேரில் போனால்தான்.

1990இல் நின்ற புகையிரதம் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. ஸ்டேசனுக்குப் பக்கத்தில் வளவு வைத்திருப்பவர்கள் அதற்கொரு விலை கேட்பது நியாயந்தான். ஆனால் வாடகையோடு செலவு முடிவதில்லையே.

முக்கியமாகக் கரண்ட் பில். கீழ்வீடு, மேல்வீடு, பின்னால் ஒரு அனெக்ஸ், மூன்றுக்கும் மின்சார சபையின் மீற்றர் ஒன்றுதான். வீட்டுக்கட்டணத்தில் அலகு கூடக் கூட விலையும் கூடும். தனி மீற்றர் இருந்தால் குறைந்த விலையில் முடிந்துவிடும் ஒரு சின்னக் குடும்பம், மூன்று வீட்டுப் பாவனையும் ஒன்றாகச் சேர்வதால் கூடிய அலகுகளுக்கான விலைக்குள் தள்ளப்படுகிறது. நான் இருந்த வீட்டில் உப மீற்றர் பூட்டியிருந்தார்கள். நல்லதுதான். ஆனால் மாத முடிவில் எங்கள் அலகுகளைப் பெருக்கியது பில்லிலுள்ள ஆகக் கூடிய விலையால். கேட்டதற்கு, "தம்பி, எல்லா இடமும் இப்பிடித்தான்" என்றார் வீட்டுக்கார ஐயா. கிணற்று மோட்டரும் அதே பில்லில்தான் ஓடியது. அதற்குள் நான் போகவில்லை.

அப்புறம் தண்ணீர். நமது சுண்ணாம்புக்கல் நிலத்தில் பல கிணறுகளின் தண்ணீரைக் கொதிக்க வைத்தால், கொஞ்ச நாளிலேயே கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் பிடித்துவிடும். சில இடங்களில் உவர் வேறு. அங்கே குடிதண்ணீரைக் காசுக்குத்தான் வாங்க வேண்டும். இதையும் வீடு பார்க்கும் நேரத்தில் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை, பைப்பைத் திறந்து வாயில் விட்டுப் பார்ப்பவர்களும் குறைவு.

விளம்பரம் எடுக்கும்போதே நிலையத்தின் பெயர், மாத வாடகை, எத்தனை மாத முற்பணம், மீற்றர் தனியா பொதுவா, கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா என்ற விபரங்களைத் தங்கள் விளம்பரப் பிரிவு கேட்டு வாங்கிப் போட வேண்டும். இப்போது முற்பணமாகச் சிலர் ஆறு மாதம் கேட்கிறார்கள், சிலர் ஒரு வருடம். இது விளம்பரத்திலேயே இருந்தால், அவ்வளவு காசு கையில் இல்லாதவர், லீவு போட்டு மானிப்பாயிலிருந்தோ சாவகச்சேரியிலிருந்தோ வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. விளம்பரம் இரண்டு வரி நீளும். ஒரு வருட முற்பணம் வாங்குகிறவருக்கு அந்த இரண்டு வரிக் காசு பெரிதல்ல.

வாடகை வீட்டுக்காரன்,
கொக்குவில்.