கோழி வளர்ப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

வீட்டைத் தனியே நடத்தும் எங்கள் பெண்கள் கோழி வளர்க்கக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்தக் கடிதம். முதல் நன்றி, போரில் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றியவர்களுக்கு. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களில் வெயிலில் முழங்காலிட்டு மண்ணைக் கிளறியவர்களில் வன்னிப் பெண்கள் பலர். அவர்கள் நிலத்தைத் துப்புரவாக்கித் தராவிட்டால் கோழிக்கூட்டுக்குக் கால் நடக்கூட எங்களுக்குத் துணிவு வந்திராது.

டொரொன்டோ, லண்டன், பாரிஸ் நகரங்களிலிருந்து பணம் அனுப்பிய உறவுகளே, நீங்கள் முதலில் ஒரு வீட்டுக்கு 50 குஞ்சு கொடுக்க விரும்பினீர்கள். எங்கள் சொல்லைக் கேட்டு 10 பேடும் ஒரு சேவலும் போதும் என்று ஒத்துக்கொண்டீர்கள். ஐம்பது கோழிக்குக் கடைத்தீவனம் வேண்டும். பத்துக் கோழி பகலில் வளவில் மேயும். பின்னேரம் ஒரு கோழிக்கு 50 கிராம் நெல்லும் தவிடும் போட்டால் சமாளிக்கலாம். 2022 பொருளாதார நெருக்கடியில் தீவன விலை ஏறியபோது இதன் அருமை தெரிந்தது. முட்டைக்கோது மெலிந்தால் சிப்பி இடித்துப் போடுகிறோம். முல்லைத்தீவுக் கரையில் அது காசில்லாமலே கிடைக்கும்.

எண்ணிக்கையைக் குறைத்ததில் மிஞ்சிய பணத்தில் ஒரு மாதக் குஞ்சு வாங்கியது மிகச் சரியான முடிவு. ஒரு நாள் குஞ்சு மலிவுதான். ஆனால் முதல் வாரம் அதற்கு 32 முதல் 35 பாகை வரை வெப்பம் வேண்டும். மாரியில் மின்சாரம் நின்றால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூச்சு முட்டிச் சாகும்.

கூடு 5 அடிக்கு 4 அடி. வெள்ளம் ஏறாதபடி நிலத்திலிருந்து 3 அடி உயரம். தகரம் மத்தியானத்தில் கொதிக்கும் என்பதால் மேலே கிடுகு. அரை அங்குலக் கம்பிவலைக்குக் கூடுதல் செலவு ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பெரிய கண் வலைக்குள்ளால் பாம்பும் கீரியும் நுழைந்துவிடும். விளங்கியதும் மறுபேச்சில்லாமல் அனுப்பினீர்கள்.

கால்நடை வைத்திய அலுவலகத்தாருக்குத் தனி நன்றி. ராணிக்கெட் என்ற கோழிக் கொள்ளைநோய் வந்தால் ஒரு வாரத்தில் ஊரே வெறுங்கூடாகும். தடுப்பு மருந்துக் குப்பியோ நூறு கோழிக்குக் குறையாமல்தான் வரும். உடைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவள் தனியே வாங்கி என்ன செய்வாள்? அதனால் பத்து வீட்டையும் ஒரே விடியற்காலையில் சேர்த்து, ஐஸ் பெட்டியோடு வந்து, கோழியின் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடப் பழக்கினீர்கள். இப்போது மூன்று நான்கு மாதத்துக்கொருமுறை எங்கள் பிள்ளைகளே செய்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உதவி கேட்டுப் போன இடமெல்லாம் கணவரின் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி அதை எப்படிக் கொடுப்பாள்? எடுத்தால் அவர் இறந்துவிட்டார் என்று அவளே ஒப்பமிட்டது போலாகும். இறந்தார் என்று சொல்லாமல் ‘காணவில்லை’ என்று மட்டும் பதியும் சான்றிதழுக்குச் சட்டம் வந்ததே 2016இல்தான். பணம் அனுப்பிய உறவுகளே, உங்கள் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. வீட்டைத் தனியே நடத்துகிறாரா, எத்தனை பிள்ளைகள், வளவில் கிணறு உண்டா என்று மட்டும் கேட்டீர்கள். அந்த மரியாதைக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இம்முறை அடை வைத்துப் பொரித்த குஞ்சுகளில் இரண்டு பேடுகளை ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிறது. புதிதாகச் சேர்பவர்களுக்கு வலை மட்டும் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் கிடைத்தால் நல்லது.

நன்றியுடன்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
முல்லைத்தீவு மாவட்டம்