ஒரே வெட்டில் பாஸைச் சாய்க்கும் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

எல்டன் ரிங் வீடியோ கேமில் டேமேஜ் பில்ட் (அடி பலமாக விழும்படி கேரக்டரை வளர்க்கும் முறை) சொல்லித்தரும் அனைவருக்கும்,

வணக்கம். உங்கள் வீடியோவைத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் நான். பாஸ் என்ற பெரிய எதிரி வருகிறது, நீங்கள் நாலு பஃப் (கொஞ்ச நேரத்துக்கு வலு ஏற்றும் வித்தை) போடுகிறீர்கள், ஒரு குதி, ஒரு வெட்டு, ரத்தப் பட்டை காலி. சோறு ஆறிப்போனது கூடத் தெரியாது. அந்த வெட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைசியில் ஐந்தே வினாடி வந்து போகிற, கேரக்டரின் திறன் எண்களைக் காட்டும் ஸ்டாட்ஸ் திரை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

என் சித்தி பையன் போன மாதம் ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டான். "அண்ணா, மார்கிட்டை முப்பது தடவை போட்டுப் பாத்துட்டேன். ரெண்டு அடியில போயிடறேன். ஸ்ட்ரெங்த்ல மொத்தமா கொட்டியும் டேமேஜே வரல." மார்கிட் ஆட்டத்தின் தொடக்கத்தில் வழிமறிக்கும் பாஸ்; ஸ்ட்ரெங்த் என்பது கை வலுவுக்கான ஸ்டாட். ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். வேகபாண்ட் கிளாஸ் (தொடங்கும்போது தேர்ந்தெடுக்கும் கேரக்டர் வகை), லெவல் 30. அந்த கிளாஸ் 9-ஆம் லெவலில் தொடங்கும். லெவலுக்கு ஒரு புள்ளி, ஆக இவன் கையால் போட்டது 21 புள்ளி. இருபத்தொன்றும் ஸ்ட்ரெங்தில். 14 இருந்தது 35 ஆகியிருந்தது. உயிரைக் கூட்டும் ஸ்டாட்டான விகர், பிறந்தபோது இருந்த அதே 15, உயிர் 522. மோர்ன் கோட்டை வரைக்கும் போய் கிளேமோர் என்ற பெரிய வாளை எடுத்து வந்திருக்கிறான், ஏனென்றால் வீடியோவில் அதுதான் இருந்தது. ஆனால் அந்தக் கத்தியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பிளஸ் (பட்டறையில் எத்தனை தடவை தட்டி மேம்படுத்தியது என்று காட்டும் எண்) கூட இல்லை. போதாக்குறைக்கு இன்னொரு கையில் கேடயம்.

யார் வீடியோ என்று நான் சொல்லப்போவதில்லை. பார்த்தேன், நல்ல வீடியோதான். அதில் ஒரு பொய்யும் இல்லை. காட்டியது லெவல் 150 பில்ட், அவ்வளவுதான் கோளாறு.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். லெவல் 150-இல் எட்டு ஸ்டாட்டுக்கும் சேர்த்து உங்களிடம் ஏறக்குறைய 229 புள்ளி இருக்கும். வேகபாண்ட் என்றால் நீங்களாகப் போடுவது அதில் 141. விகரை 60-க்கு ஏற்ற 45 போகும், ஸ்ட்ரெங்தை 54-க்கு ஏற்ற 40 போகும். அப்புறமும் 56 மீதி. கவசம் தாங்க என்டூரன்ஸில் போடலாம், ஆசைக்கு மைண்டில் (மந்திரம் போடும் சக்தி) போடலாம். அதாவது 150-இல் உயிரா டேமேஜா என்ற கேள்வியே கிடையாது, இரண்டும் கிடைத்துவிடும். 21 புள்ளி வைத்திருப்பவனுக்குத்தான் அந்தக் கேள்வி. அவனுக்கு யாரும் வீடியோ போடுவதில்லை.

அவனுக்கு டேமேஜ் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கிளேமோரின் அடிப்படைத் தாக்குதல் 138. ஒரு ஸ்டாட்டும் ஏற்றாமல், ஸ்மிதிங் ஸ்டோன் என்ற பட்டறைக் கல்லை மட்டும் கொடுத்துத் தட்டித் தட்டி +25 வரை கொண்டுபோனால் அது 338. இருபத்தைந்து தட்டலில் 200, சராசரியாகத் தட்டலுக்கு 8. ஸ்ட்ரெங்த் பக்கம் வாருங்கள். ஒரு ஸ்டாட் ஏறினால் ஆயுதத்துக்கு எவ்வளவு பலன் என்று ஓர் எழுத்து சொல்லும். பிளஸ் இல்லாத கிளேமோருக்கு ஸ்ட்ரெங்தும் D, டெக்ஸும் (கைத்திறன்) D, அதாவது குறைவுதான். அந்த நிலையில் ஒரு லெவல் முழுக்கச் செலவழித்து ஒரு புள்ளி போட்டாலும் தாக்குதல் எண்ணில் ஒன்று கூட முழுசாக ஏறாது. பையன் 21 லெவலுக்கான ரூனை (லெவல் வாங்கும் காசு) கொட்டிச் சம்பாதித்ததை இரண்டு மூன்று தட்டல் கொடுத்திருக்கும்.

உங்கள் திரையில் ஸ்ட்ரெங்துக்கு நேரே பளபளவென்று தெரியும் எழுத்து, தட்டி முடித்த ஆயுதத்தின் எழுத்து. ஆயுதம் ஏற ஏறத்தான் அந்த எழுத்துக்கும் வலு. அடுப்பே பற்றவைக்காமல் உலையில் அரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தான் பையன். இதைச் சொல்ல உங்களுக்கு பத்து வினாடி ஆகுமா?

விகர் விஷயத்துக்கு வருகிறேன். "விகர் போடறவன் பயந்தாங்கொள்ளி" என்று உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். நீங்கள் சிரிக்கலாம், மார்கிட் கைத்தடியை ஓங்கிவிட்டு ஒரு கணம் நிறுத்தி ஏமாற்றுவது உங்களுக்கு மனப்பாடம். அவனுக்கு இல்லை. அவன் அதைக் கற்றுக்கொள்ள நான்கு அடி வாங்கியாக வேண்டும், இரண்டு அடியில் செத்தால் எப்படிக் கற்றுக்கொள்வான்? விகர் 15-இல் 522 உயிர், 25-இல் 800, 40-இல் 1450, 60-இல் 1900. அதற்குமேல் 99 வரை போனாலும் 2100தான். 40 வரைக்கும் ஒவ்வொரு புள்ளியும் கொட்டிக் கொடுக்கிறது, 60-க்கு மேல் கஞ்சத்தனம். இதை டேமேஜ் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. இன்னும் ஒரு நிமிஷம் நின்று வெட்டுகிறவன் இன்னும் பத்து வெட்டு வெட்டுகிறான். செத்தவன் கத்தி +25 ஆக இருந்தால் என்ன.

டயாப்லோ 2 ஆடிய கிழடுகளுக்கு (நானும் அந்தக் கும்பல்தான்) இது பழைய பாடம். 2000-இல் வந்த ஆட்டம். 2010-இல் 1.13 பேட்ச் வரும் வரைக்கும் போட்ட ஸ்டாட்டைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. கவசம் மாட்டத் தேவையான அளவு ஸ்ட்ரெங்த், மிச்சமெல்லாம் உயிரைக் கூட்டும் வைட்டாலிட்டி என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். டேமேஜ் ஆயுதத்திலும் ஸ்கில்லிலும் இருந்து வந்தது. அதைக் கண்டுபிடிக்க எத்தனை பார்பேரியனைப் பலி கொடுத்தோம் என்பது வேறு கதை.

நீங்கள் நன்றாகச் செய்கிற இடமும் உண்டு. இரண்டு கையால் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்காகும். 54 போட்டால் 81 ஆகும், 80-க்குமேல் வரவு சரிந்துவிடுவதால் 54-இல் நிறுத்து என்று ஒருவர் பொறுமையாக விளக்கியிருந்தார். அருமை. அதே வாயால், "தம்பி, உன்னிடம் 35 இருந்தாலும் கேடயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு கையால் பிடி, இப்போதே 52" என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சித்தி பையனுக்கு அந்த வரி ஒரு பைசா செலவில்லாமல் 17 ஸ்ட்ரெங்த்.

ஃபெய்த் (பக்தி மந்திரங்களுக்கான ஸ்டாட்) 15 கதையும் அப்படித்தான். ஸ்ட்ரெங்த் பில்ட் என்றால் ஃபெய்த் பக்கமே திரும்பக் கூடாது என்று ஒரு கூட்டம் சொல்கிறது. "ஃப்ளேம், கிராண்ட் மீ ஸ்ட்ரெங்த்" என்ற மந்திரத்துக்கு ஃபெய்த் 15 போதும். வேகபாண்டுக்குப் பிறவியிலேயே 9 இருக்கிறது, இன்னும் ஆறு புள்ளிதான். முப்பது வினாடிக்கு உடல் தாக்குதலும் நெருப்புத் தாக்குதலும் 20 சதவீதம் கூடும். ஆறு புள்ளியை ஸ்ட்ரெங்தில் போட்டு எந்தக் காலத்தில் 20 சதவீதம் பார்த்தீர்கள்? கேலிட் என்ற ஆபத்தான பகுதியில் ஃபோர்ட் கேல் கோட்டைக்குப் பின்னால், நெருப்பு கக்கும் வண்டிகளின் மூக்குக்கு நேராக அது கிடக்கிறது. ஓடிப் போய் எடுத்துக்கொண்டு செத்தாலும் பொருள் கையில் நிற்கும். கேலிட்டில் அப்படிச் சாவது ஒரு அவமானமே இல்லை.

அப்புறம் அந்தப் பெரிய எண். உடல் தாக்குதல் 350, மாயத் தாக்குதல் 350, மொத்தம் 700 என்று தம்ப்நெயிலில் போடுகிறீர்கள். எதிரியின் தற்காப்பு இரண்டையும் தனித்தனியாகக் கழிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். 700-உம் ஒரே வகையாக இருந்தால் பெரும்பாலும் ஒருமுறைதான் கழியும், இங்கே இருமுறை. எண் பெரிதாக இருப்பதும் அடி பெரிதாக விழுவதும் ஒன்றல்ல என்பதைத் தம்ப்நெயிலில் போட இடமில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். வாயால் சொல்ல இடமிருக்கிறது.

2024 ஜூனில் எர்ட்ட்ரீயின் நிழல் (Shadow of the Erdtree) என்ற கூடுதல் பகுதி வந்தபோது இதே கூத்து உங்களுக்கே நடந்தது, நினைவிருக்கிறதா? லெவல் 200 வைத்துக்கொண்டு முதல் பாஸிடம் அடி வாங்கிவிட்டு, ஆட்டம் அநியாயம் என்று லைவில் கத்தினீர்கள். அங்கே டேமேஜைத் தீர்மானித்தது ஸ்டாட் இல்லை, ஸ்காடுட்ரீ துண்டுகள். அவற்றைத் தேடிப் பொறுக்கி, அந்தப் பகுதியில் வலு கூட்டும் ஆசியை ஏற்றியவன் சும்மா நடந்து போனான். அன்று உங்களுக்கு இருந்த எரிச்சல்தான் லெவல் 30-இல் இருக்கும் பையனுக்குத் தினமும்.

ஸ்டாட்டை மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். மாற்றலாம், ராயா லுகாரியா அகாடமியில் ரெனாலா என்ற பாஸை வென்ற பிறகு, லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்து. மார்கிட்டையே தாண்டாதவனிடம் போய் ரெனாலாவைச் சொல்வதா?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 150 திரையைக் காட்டுங்கள், அதற்கு முன் 30-உம் 60-உம் எப்படி இருந்தது என்றும் காட்டுங்கள். ஆயுதத்தின் பிளஸ் எண்ணை ஸ்டாட்டுக்கு மேலே, பெரிதாகப் போடுங்கள். எந்தப் புள்ளியை முதலில் போட்டீர்கள் என்று வரிசை சொல்லுங்கள். அது மறந்துபோயிருந்தால் புதுசாக ஒரு கேரக்டர் தொடங்கி ஆடிப் பாருங்கள், உங்களுக்கும் ஒரு வீடியோ ஆச்சு.

பையனை லிம்கிரேவ் சுரங்கத்துக்கு அனுப்பினேன். கல் பொறுக்கி, எல்லே தேவாலயத்துப் பட்டறையில் +3 ஆக்கினான்; அங்கே அதற்குமேல் ஏறாது. அழுகைத் தீபகற்பத்தைச் சுற்றிவந்து அடுத்த பத்து லெவலையும் விகரில் போட்டான், முணுமுணுத்துக்கொண்டே. உயிர் 800. கேடயம் பெட்டிக்குள் போனது. மார்கிட் ஏழாவது தடவையில் விழுந்தான். ராத்திரி இரண்டு மணிக்கு வாய்ஸ் மெசேஜ், அதில் முக்கால்வாசி கத்தல்.

நேற்று மறுபடி கூப்பிட்டான். அகாடமி வாசலில் நிற்கிறானாம், ரெனாலாவை முடித்துவிட்டு விகரையெல்லாம் எடுத்து மாயவித்தைக்கான இன்டெலிஜென்ஸில் போட்டுவிடலாமா என்று கேட்கிறான். ஏன்டா என்றேன். புதுசாக ஒரு வீடியோ பார்த்தானாம்.