கருத்துக் கேட்பு எல்லோரையும் எட்ட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெருந்திட்டங்களுக்கு அனுமதி தருமுன் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்றும், அதற்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்றும் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கூறுகிறது. ஆனால் திட்டத்தின் பாதிப்புகளை விளக்கும் மதிப்பீட்டு அறிக்கையில் தமிழில் கிடைப்பது பெரும்பாலும் சில பக்கச் சுருக்கம் மட்டுமே. முகத்துவாரத்தைத் தூர்வாரினால் இறால், நண்டு வரத்து என்னவாகும், கிணற்றில் உப்பு ஏறுமா என்பனவற்றுக்கான விடை ஆங்கில முழு அறிக்கைக்குள் இருக்க, முதலில் பாதிக்கப்படும் மீனவர் அதைப் படிக்க வழியின்றியே கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒலிவாங்கி முன் நிற்கிறார். இது எவ்வகையில் நியாயம்?

2020-இல் வெளியான புதிய வரைவு அறிவிக்கையைக்கூட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் தருமாறு தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த வரைவோ 30 நாள் அவகாசத்தை 20 ஆகக் குறைக்க முனைந்தது.

மாற்றுத்திறனாளிகளின் நிலை இன்னும் வேதனைக்குரியது. தகவல்கள் அவர்கள் அணுகத்தக்க வடிவில் கிடைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வலியுறுத்தியும், சைகைமொழி பெயர்ப்பாளரும் சாய்தளமும் இல்லாமல் கூட்டம் நடத்துவதை அதிகாரிகள் குறையாகவே கருதுவதில்லை. மாற்றுத்திறனாளிகளும் அதே நீரைக் குடித்து, அதே காற்றைத்தானே சுவாசிக்கிறார்கள்!

முழு அறிக்கையைத் தமிழிலும் ஒலி வடிவிலும் ஊராட்சி அலுவலகங்களில் வைத்த பிறகே கூட்டத் தேதியை அறிவிக்குமாறு தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பொன்னேரி