மஞ்சள் கப்சூலும் கிளினிக் கொப்பியில் ஏறவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரைப் பார்க்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் சாமான்களில் இப்போது ஹோர்லிக்ஸ் போத்தலோடு மஞ்சள் கப்சூல் போத்தலும் சேர்ந்துவிட்டது. "மஞ்சள்தானே, தினமும் கறிக்குப் போடுகிறதுதானே" என்று வீட்டில் யாரும் அதை மருந்தாகக் கணக்கெடுப்பதில்லை.

கறிக்குப் போடுவது வேறு, இது வேறு. மஞ்சளுக்கு நிறத்தையும் குணத்தையும் தருவது குர்குமின் என்ற பொருள். மஞ்சள் தூளில் அது ஏறக்குறைய 3 வீதம். ஒரு தேக்கரண்டி, அதாவது 3 கிராம் தூளில் சுமார் 90 மில்லிகிராம். அதையும் ஒரு சட்டிக் கறியில் போட்டு நாலு பேர் சாப்பிடுகிறோம். 95 வீதம் குர்குமின் உள்ள 500 மி.கி. கப்சூல் ஒன்றில் 475 மி.கி. இருக்கிறது: ஐந்து தேக்கரண்டித் தூளுக்குச் சமம். லேபலில் வெறுமனே "மஞ்சள் தூள் 500 மி.கி." என்றிருந்தால் உள்ளே 15 மி.கி. தான். அது காசுக்குக் கேடு, அவ்வளவே.

குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. உறிஞ்சப்பட்டதையும் ஈரல் விரைவில் கழித்துவிடும். நாளொன்றுக்கு 8 கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் இரத்தத்தில் கண்டது சொற்பமே. அதனால்தான் பல கப்சூல்களில் மிளகிலுள்ள பைபரினைச் சேர்க்கிறார்கள். 1998 இல் பெங்களூரில் நடந்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைபரின் கொடுத்தபோது உறிஞ்சல் 20 மடங்கு கூடியது. விளம்பரம் இதோடு நின்றுவிடும். பைபரின் செய்வது ஈரலின் கழிக்கும் வேலையை மந்தமாக்குவது. பல கீமோ மருந்துகளைக் கையாள்வதும் அதே ஈரல்தான்.

மார்பகப் புற்றுநோய்க்கு டமொக்சிபென் குளிசை போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உடலுக்குள் எண்டொக்சிபென்னாக மாறிய பிறகே அது முழுப் பலன் தரும். நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் 2019 இல் வெளியான ஆய்வில், 1200 மி.கி. குர்குமினை நாளுக்கு மூன்று தடவை எடுத்தவர்களின் எண்டொக்சிபென் அளவு சுமார் 8 வீதம் குறைந்தது. பைபரினும் சேர்ந்தபோது 12 வீதம். துணைக்கு என்று எடுத்தது பிரதான மருந்தின் காலை வாருகிறது.

கதிர்ச் சிகிச்சையில் தோல் புண்படுவதைக் குர்குமின் தடுக்கும் என்ற நம்பிக்கையும் 30 பேரிடம் செய்த சிறிய ஆய்வொன்றில் தொடங்கியது. பிறகு 686 பேரிடம் பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை.

ஈரல் விடயம் இன்னும் சிக்கலானது. மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றிய அமெரிக்க ஆய்வு 2022 இல் வெளிவந்தது. அவர்களில் ஒருவர் இறந்துபோனார். இது அரிதுதான். ஆனால் கீமோ ஏற்றும் ஒருவருக்கு ஈரல் பரிசோதனை பிழைத்தால் டொக்டர் முதலில் சந்தேகிப்பது கீமோவைத்தான். அளவைக் குறைப்பார், அல்லது தவணையைத் தள்ளிவைப்பார். காரணம் வீட்டு அலுமாரியில் இருக்கும். மலம் மஞ்சளாகப் போவது கப்சூலின் நிறமாக இருக்கலாம். சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனாலோ கண்வெள்ளை மஞ்சளானாலோ கப்சூலை நிறுத்திவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குளிசை பாவிப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. இரத்தம் உறையத் தாமதிப்பதைக் காட்டும் அளவு ஐ.என்.ஆர்.; பொதுவாக 2 முதல் 3 வரை இருக்கவேண்டிய அது, மஞ்சள் மாத்திரையும் எடுத்தபோது 10 ஐத் தாண்டிய நோயாளி ஒருவரை வைத்து நியூசிலாந்தில் 2018 இல் எச்சரிக்கை விடப்பட்டது. சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்திருந்தால் இரண்டு வாரம் முந்தியே நிறுத்துவது நல்லது. கீமோவால் இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) குறைந்திருப்பவருக்கும் பித்தப்பைக் கல் உள்ளவருக்கும் வேண்டாம்.

மூலிகையில் ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. முற்றத்துப் பட்டிப்பூவிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து வந்தது. அதை ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை. மிஞ்சினால் நரம்பு கெடும். அளவு தெரிந்ததால்தான் அது மருந்தானது.

கிளினிக்குகளுக்கு ஒரு வேண்டுகோள். "வேறு மருந்து பாவிக்கிறீர்களா?" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். "மஞ்சள் கப்சூல், கசாயம், பவுடர் ஏதும்?" என்று பேர் சொல்லிக் கேட்டு, விடையைக் கொப்பியில் எழுதவேண்டும். நோயாளியோடு போகிறவர்கள் போத்தலையே கையில் கொண்டுபோகட்டும்; சிங்களம் தெரியாவிட்டாலும் லேபலைக் காட்டலாம். ரசத்துக்கும் சரக்குக் கறிக்கும் போடும் மஞ்சளையும் மிளகையும் குறைக்கத் தேவையில்லை.

மருந்தாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.