தாமரைத் தடாக அரங்கும் மாலை நேர நெரிசலும்

ஆசிரியருக்கு,

கொழும்பு நகர வாகன நெரிசல் குறித்து தங்கள் நாளிதழில் வெளியான செய்தியில் வீதிச் சமிக்ஞைகளும் பஸ்களும்தான் பேசப்பட்டிருந்தன. மக்கள் கூடும் இடங்களை எங்கே கட்டுகிறோம் என்பதையும் பேசியிருக்க வேண்டும். 2011 டிசம்பரில் திறக்கப்பட்ட தாமரைத் தடாக அரங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அழகான கட்டடம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது நிற்பது ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில். ஒருபுறம் விகாரமகாதேவி பூங்கா, பொது நூலகம். கொஞ்சம் தள்ளி லிப்டன் சுற்றுவட்டம், கண் வைத்தியசாலை, தேசிய வைத்தியசாலை. அலுவலகங்கள் விடும் நேரத்தில் ஏற்கெனவே திணறும் பகுதி இது. அங்கே நிகழ்ச்சிக்கு வரும் நூற்றுக்கணக்கான கார்களும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்?

நூலகத்துக்குப் போகும் என் மகளை மாலையில் அழைத்துவர நான் அந்தப் பக்கம் போவதுண்டு. நிகழ்ச்சி நாட்களில் வீதியோரம் வரிசையாகக் கார்கள் நிற்கும். மிஞ்சிய இடத்தில்தான் மற்ற வாகனங்கள் ஊர்ந்து போக வேண்டும். நோயாளியை ஏற்றிவரும் அம்புலன்ஸுக்கும் அதே நிலைதான். இதை நினைக்கவே பதறுகிறது.

சரி, அரங்கை இனி நகர்த்த முடியாது. வார நாட்களில் இரவு ஏழரைக்கு முன் நிகழ்ச்சி தொடங்கக் கூடாது என்றாவது நிபந்தனை விதிக்கலாம். தூரத்தில் ஒரு வாகனத் தரிப்பிடம் ஒதுக்கி, அங்கிருந்து பஸ் விட்டு, அந்த விவரத்தை நுழைவுச்சீட்டிலேயே அச்சிடும்படி ஏற்பாட்டாளர்களைக் கேட்கலாம். மாநகர சபையும் போக்குவரத்துப் பொலிஸாரும் இதை உடனே பரிசீலிக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை