நீங்கள் உறையைக்கூடப் பிரிக்காத மேகசின் பற்றி ஒரு புகார்

பெறுநர்: மேலாளர், விற்பனைக்குப் பிந்தைய சேவைப் பிரிவு

பொருள்: .22 லாங் ரைஃபிள் வகைத் தோட்டாவில் இயங்கும் போட்டிப் பிஸ்டலில் தோட்டா சிக்குவதும், அதற்கு நீங்கள் தந்த பதிலும்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் .22 அரைத் தானியங்கிப் பிஸ்டலை 25 மீட்டர் போட்டிக்காக வாங்கியவன் நான். மேகசினிலிருந்து, அதாவது தோட்டாக்களை அடுக்கும் கூட்டிலிருந்து, தோட்டா குழலின் பின்முனையில் உள்ள சேம்பருக்குள் ஏறாமல் சிக்குகிறது என்று எழுதி, பிஸ்டலையும் அதன் இரண்டு மேகசின்களையும் உங்கள் சர்வீஸ் பிரிவுக்கு அனுப்பியிருந்தேன். பிஸ்டல் துடைத்து, எண்ணெய் போட்டுத் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுக் குறிப்பு: சுட்டுப் பார்த்தோம், குறை எதுவும் இல்லை, பிடியை உறுதியாக வைத்துக்கொள்ளவும், அதிவேகத் தோட்டா போட்டுப் பார்க்கவும். மேகசின்கள் இரண்டும் நான் ஒட்டிய டேப்புகூடப் பிரியாமல் அதே உறைக்குள் இருந்தன.

அப்படியானால் எந்த மேகசினைப் போட்டுச் சுட்டீர்கள்? ஒர்க்‌ஷாப்பில் எப்போதும் இருக்கும் உங்கள் மேகசினைத்தான் போட்டிருக்க வேண்டும். என் புகாரின் முதல் பத்தியிலேயே ‘இரண்டாம் எண் மேகசினில் மட்டும்’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்தவர் யாரும் இந்தச் சோதனையை இப்படிச் செய்திருக்க மாட்டார். எனவே இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், ‘சிக்குகிறது’ என்று நான் சொல்வது எதை என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். சுட்ட தோட்டாவின் காலிக் கேஸ், அதாவது வெற்றுக் கூடு, வெளியே போகாமல் ஸ்லைடில், அதாவது ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய் முன்னே வரும் மேல்பாகத்தில், மாட்டுவது வேறு கோளாறு; அது எனக்கு நேரவே இல்லை. ஸ்லைடு தோட்டாவைத் தொடாமல் மேலே வழுக்கிப் போய், ட்ரிகரை இழுத்தால் வெறும் ‘டிக்’ என்று கேட்பதும் இல்லை. நடப்பது இதுதான்: காலிக் கேஸ் ஒழுங்காக வெளியேறுகிறது, அடுத்த தோட்டாவை ஸ்லைடு முன்னே தள்ளுகிறது, அதன் மூக்கு சற்று இடப்பக்கம் சாய்ந்து மேலே எழும்பி, சேம்பர் வாயின் மேல் விளிம்பில் முட்டி நிற்கிறது. ஸ்லைடு பாதி திறந்தபடியே நின்றுவிடுகிறது.

.22 தோட்டாவின் குண்டு மிருதுவான ஈயம். எங்கே முட்டினாலும் தழும்பு விழுந்துவிடும், அதனால் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. மூக்கு கீழே குத்தி ஏற்றச் சரிவில், அதாவது ஃபீட் ராம்ப்பில், மோதியிருந்தால் பள்ளம் குண்டின் அடிப்பக்கம் இருக்கும். சிக்கிய தோட்டாக்கள் எல்லாவற்றிலும் பள்ளம் மேல்பக்கம், அதுவும் ஒரே இடத்தில். புகைப்படங்களை இணைத்திருக்கிறேன். உயிர்த் தோட்டாக்களைப் பார்சலில் வைக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, பிடி தளர்வு என்ற உங்கள் தீர்ப்புக்கு வருகிறேன். மணிக்கட்டு தளர்ந்தால் இந்த வகைப் பிஸ்டலில் கோளாறு வரலாம், மறுக்கவில்லை. இது ப்ளோபேக் முறையில் இயங்குவது; சுடும் கணத்தில் ஸ்லைடைப் பிடித்து வைக்கும் பூட்டு எதுவும் கிடையாது, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் பின்பக்கத்தை அடைத்துப் பிடிக்கின்றன. பிடியுள்ள சட்டகம் கையோடு சேர்ந்து பின்னால் போய்விட்டால் ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது. ஆனால் அப்படி ஓடாமல் நின்றால் வேறு அறிகுறிகள் தெரிந்தே ஆக வேண்டும்: காலிக் கேஸ்கள் சோம்பலாகக் காலடியில் விழும், சில வெளியேறாமல் நிமிர்ந்து மாட்டும், கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்காது. என் பிஸ்டலில் கேஸ்கள் எப்போதும் ஒரே வட்டத்துக்குள் போய் விழுகின்றன. கடைசிக் குண்டு சுட்டதும் ஸ்லைடு தவறாமல் பின்னால் நிற்கிறது. முழுத் தூரம் ஓடுகிற ஸ்லைடுக்குக் கை மேல் பழி போடுவது எப்படி? போதாததற்கு, கிளப்பில் என்னைவிட அனுபவமுள்ள இருவர் சுட்டபோதும் இரண்டாம் மேகசினில் சிக்கியது. முதலாம் மேகசினில் யார் சுட்டும் சிக்கவில்லை. ஒரே பிஸ்டல், ஒரே பெட்டித் தோட்டா. ஒரு மேகசினில் மட்டும் தளர்கிற மணிக்கட்டை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

அப்புறம் ஸ்பிரிங். மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கடைசித் தோட்டாக்களில்தான் தொல்லை அதிகம் வரும். அப்போதுதான் ஸ்பிரிங் மிகவும் விரிந்து, அழுத்தம் குறைந்திருக்கும். எனக்கு முதல் தோட்டாவும் சிக்குகிறது, நடுவில் உள்ளதும் சிக்குகிறது. இருந்தாலும் சந்தேகம் வேண்டாம் என்று இரண்டு மேகசின்களின் ஸ்பிரிங்கையும், தோட்டாவை மேலே தூக்கும் ஃபாலோயரையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கோளாறு ஸ்பிரிங்கோடு போகவில்லை; இரண்டாம் மேகசினின் தகட்டு உடலோடேயே தங்கிவிட்டது.

.22 தோட்டாவுக்கே உரிய இன்னொரு வியாதி உண்டு. உடல் விட்டம் சுமார் 5.7 மில்லிமீட்டர், அடிவிளிம்போ சுமார் 7 மில்லிமீட்டர். துருத்தி நிற்கிற அந்த விளிம்பு, கீழே உள்ள தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டால் மேல் தோட்டா நகராது. ஏற்றும்போது ஒழுங்காக அடுக்காவிட்டால் இது நடக்கும். உங்கள் தொலைபேசிச் சேவையில் பேசியவர் இதைத்தான் காரணமாகச் சொன்னார். மற்ற பதில்களோடு ஒப்பிட்டால் இது நியாயமான ஊகம்தான். ஆனால் மேகசினில் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் வைத்து ஏற்றியபோதும் அதேபோல் மேல் விளிம்பில் முட்டியது. கோத்துக்கொள்ளக் கீழே இன்னொரு தோட்டாவே இல்லாதபோது அந்தக் காரணம் நிற்காது.

மிச்சம் இருப்பது மேகசினின் வாய். தோட்டாவை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கிற இரண்டு மடிப்புகளும், அதாவது ஃபீட் லிப்ஸும், தோட்டாவை ஒரே சமயத்தில் விட வேண்டும். மருந்தில்லாத டம்மித் தோட்டாவை வைத்து, மேகசினைப் பிஸ்டலுக்கு வெளியே கையில் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் மெதுவாக முன்னே தள்ளிப் பாருங்கள். முதலாம் மேகசினில் தோட்டா நேராக வந்து, அடிவிளிம்பு இருபக்கமும் ஒன்றாக விடுபடுகிறது. இரண்டாம் மேகசினில் இடப்பக்க மடிப்பு முந்திக்கொண்டு விடுகிறது. உடனே மூக்கு துள்ளி இடப்பக்கம் சாய்கிறது. வெர்னியர் காலிப்பரில் அளந்தால் வாயின் முன்பக்க இடைவெளி முதலாவதைவிட 0.4 மில்லிமீட்டர் அதிகம். மேகசின் கீழே விழவில்லை, அதன் உடலில் ஒரு கீறல்கூடக் கிடையாது. தொழிற்சாலையில் தகட்டை மடிக்கும்போதே இப்படி வந்திருக்க வேண்டும். உங்கள் ஆட்கள் உறையைப் பிரித்திருந்தால் இரண்டே நிமிட வேலை.

அதிவேகத் தோட்டா ஆலோசனையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது தவறு மட்டுமல்ல, கெடுதலும்கூட. உங்கள் சொந்தக் கையேடு இந்த மாடலுக்கு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம், எடையுள்ள குண்டு கொண்ட சாதாரண வேகத் தோட்டா மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறது. ஸ்பிரிங்கின் பலம் அதற்கேற்றபடிதான் வைக்கப்பட்டிருக்கிறது. அதிவேகத் தோட்டா போட்டால் ஸ்லைடு தேவைக்கு மேல் வேகமாகப் பின்னால் வந்து சட்டகத்தை அடிக்கும். அதில் விரிசல் விழுந்தால், கையேட்டை மீறியதாகச் சொல்லி வாரண்டியை மறுக்கப் போவதும் நீங்கள்தானே? இதே கதைதான் பிளையர்ஸ் விஷயத்திலும். மேகசின் வாயின் மடிப்பைப் பிளையர்ஸால் நீங்களே லேசாக நெருக்கிவிடுங்கள் என்றார் தொலைபேசியில் பேசியவர். வாடிக்கையாளர் எந்த உதிரிபாகத்தையும் வளைக்கவோ ராவவோ கூடாது என்கிறது வாரண்டி அட்டை. எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் வேகச் சுற்றில் இலக்கு 3 விநாடி தெரியும், 7 விநாடி மறையும். ஒரு தொடருக்கு ஐந்து குண்டு. நடுவில் சிக்கினால் பிஸ்டலை இலக்குப் பக்கமே நீட்டிப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்க வேண்டும். அதிகாரி வந்து பார்க்கும் முன் ஸ்லைடைத் தொட்டால் அந்தக் கோளாறு கணக்கில் எடுக்கப்படாது. அவர் அனுமதித்தாலும் மனம் கலைந்தது கலைந்ததுதான். பயிற்சியில் எரிச்சலோடு போகிற விஷயம், போட்டியில் மதிப்பெண்ணைத் தின்றுவிடுகிறது. தவிர, பிஸ்டலை அனுப்பி வாங்குவது செருப்பை மாற்றி வாங்குவது போலல்ல. ஒவ்வொரு முறையும் உரிமத் தாள்கள், கையெழுத்துகள், காத்திருப்பு. அத்தனையும் செய்து அனுப்பியதை நீங்கள் பிரித்தே பார்க்கவில்லை என்பதுதான் எனக்குக் கோளாறைவிடப் பெரிய வருத்தம்.

நான் கேட்பது இவ்வளவுதான். இரண்டாம் மேகசினுக்குப் பதிலாகப் புதியது ஒன்றை, வாயின் இடைவெளியை அளந்து, அந்த அளவைத் தாளில் எழுதி இலவசமாக அனுப்புங்கள். அளக்காமல் அனுப்ப வேண்டாம். அதே தொகுப்பிலிருந்து எடுத்த இன்னொன்றும் இப்படியே இருக்கலாம், மற்றவர்களுக்கு விற்றவற்றிலும் இருக்கலாம், அதையும் பாருங்கள். அதிவேகத் தோட்டா குறித்த வரியைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் சொல்லுங்கள். வீணாய்ப் போன அனுப்புச் செலவைத் திருப்பித் தாருங்கள். பிஸ்டலை இந்த முறை அனுப்பவில்லை, தேவையும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இரண்டு மேகசின்களையும் அனுப்பியிருக்கிறேன். முதலாவது நன்றாக இருப்பதால் அது எனக்குத் திரும்ப வேண்டும்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் நுகர்வோர் தீர்வு அமைப்பில் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: சர்வீஸ் குறிப்பின் நகல், கையேட்டில் தோட்டா வகை அச்சிடப்பட்ட பக்கத்தின் நகல், வாரண்டி அட்டையின் நகல், தழும்பு விழுந்த தோட்டாக்களின் படங்கள், மேகசின்கள் இரண்டு, 1 என்றும் 2 என்றும் குறித்தவை