மல்லிகாவுக்கு, மார்லினைப் பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் வர முடியாமல் போனதில் எனக்கும் வருத்தம்தான். மாமியாருக்கு முட்டி வலி, விட்டுவிட்டுக் கிளம்ப மனசு வரவில்லை, இப்போது தேவலை. சத்துவாச்சாரியில் வெயில் இன்னும் இறங்கியபாடில்லை.

கதிருக்குக் காட்பாடியில் கல்லூரி கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் தினமும் நீயே ரயிலில் கூட வந்து விட்டுவிட்டுப் போவதாக எழுதியிருந்தாயே, "என் சுபாவமே அப்படி, பிறவியிலேயே பயந்தவள்" என்று, அந்த வரியிலேயே என் மனசு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சின்னவளோடு உட்கார்ந்து 'ஃபைண்டிங் நீமோ' பார்த்தபோதும் உன் ஞாபகம்தான். 2003இல் பிக்சார் எடுத்த படம், நீயும் பார்த்திருப்பாய். அந்த அப்பா மீன் மார்லின், மகனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் முதல் நாளில் கடல் சாமந்தியை விட்டு வெளியே வருகிறது, எட்டிப் பார்க்கிறது, உள்ளே ஓடுகிறது, மறுபடி வெளியே, மறுபடி உள்ளே.

மனிதர் சுபாவத்தை ஐந்தாகப் பிரித்துப் பார்க்கும், பி.எட்.டில் படித்த அந்த ஐந்து குணக்கூறுகளை வைத்துப் பார்த்தால் வேலை சுலபமாக முடிந்துவிடும், பதற்றம் அதிகம், புதியதை நாடும் குணம் குறைவு என்று எழுதி மூடிவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் அந்தச் சீலா மீன் வந்து மனைவியையும் ஒன்றைத் தவிர எல்லா முட்டைகளையும் கொண்டுபோவதற்கு முன்னால், பவளப்பாறை முடிந்து ஆழ்கடல் தொடங்குகிற விளிம்பில் ஆசை ஆசையாக வீடு பிடித்தது இதே மார்லின்தான். பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்ற கவலை அப்போதும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கடல் என்றாலே ஆபத்து என்ற முடிவு அந்த நாளுக்குப் பிறகு எடுத்தது. பட்ட அனுபவத்தைவிட அதற்கு நாம் கொடுக்கிற அர்த்தம்தான் வாழ்க்கையை ஓட்டுகிறது என்று உளவியல் அறிஞர் ஆட்லர் சொல்வது இதைத்தான்.

மிஞ்சிய அந்த ஒரு முட்டையிலிருந்து வந்த மகன் நீமோவின் ஒரு துடுப்பு சின்னதாக இருப்பதால்தான் அப்பாவுக்குப் பயம் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். திமிங்கிலத்தின் வாய்க்குள் மாட்டிக்கொள்ளும் இடத்தைக் கவனித்துப் பார், மல்லிகா. உன்னால் முடியும் என்று நினைக்கிறாய், ஆனால் முடியாது என்று மகனிடம் சொன்ன அதே வார்த்தையை, காணாமல் போன மகனைத் தேடக் கூடவே வருகிற டோரி என்ற மீனிடம் மார்லின் சொல்கிறது, அதுவும் "நீமோ" என்று கூப்பிட்டு! டோரிக்குத் துடுப்பில் ஒரு குறையும் இல்லையே. அப்படியானால் பயம் பிள்ளையின் துடுப்பில் இல்லை, அப்பாவிடம் இருக்கிறது.

நீமோ தேறுவது, மனிதர்கள் பிடித்துக்கொண்டு போய் அடைத்த மீன் தொட்டியில். குழாயில் சிக்கிக்கொண்டு கத்துகிறது, மற்ற மீன்கள் உதவிக்கு ஓடுகின்றன, கில் என்ற கிழிந்த துடுப்புள்ள மீன் யாரும் தொடக் கூடாது என்று தடுத்துவிட்டு, நீயே உள்ளே போனாய், நீயே வெளியே வா என்கிறது. அப்புறம் தன் துடுப்பைக் காட்டுகிறது. தானே செய்து பார்ப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பது, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை பிறக்கும் வழிகளில் இந்த இரண்டும் உண்டு என்று 1977இல் உளவியல் அறிஞர் பாண்டுரா எழுதியது அந்த ஒரு காட்சியில் அப்படியே இருக்கிறது. கடைசியில் வலையில் மாட்டிய டோரியைக் காப்பாற்ற மீன்பிடி வலைக்குள் போக நீமோ கேட்கும்போது மார்லினுக்குப் பயம் போய்விடவில்லை, முதலில் முடியாது என்றுதான் சொல்கிறது. பயத்தோடேயே அனுப்புகிறது. அதனால்தான் உன் சுபாவத்தை மாற்றிக்கொள் என்று நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கதிரைக் குடியாத்தத்தில் ரயில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போடி. உனக்கு மனசு கேட்கவில்லையென்றால் அன்றைக்கு மட்டும் காட்பாடி ஸ்டேஷன் வாசலில் நான் நின்றுகொள்கிறேன், கிட்டே போகமாட்டேன். எந்த ரயில் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
சுமதி